எங்கே நின்று எடுக்கப் போகிறீர்கள்?

வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. என் போன் இன்னும் ஓய்வு பெறவில்லை. இன்று காலை காபி குடித்து முடிப்பதற்குள் மூன்று செய்திகள். முதலாவது, சன்னிவேலில் இருக்கும் என் தோழியின் மகளிடமிருந்து. நாற்பத்திரண்டு கேமராக்களை வரிசைப்படுத்தி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் அடித்து ஒரு அட்டவணை. "ஆன்ட்டி, பட்ஜெட் கொஞ்சம் டைட். எது வாங்கலாம்னு நீங்களே சொல்லிடுங்க." இரண்டாவது, பிளசன்டனிலிருந்து முகம் தெரியாத ஒருவர். ஒரு லிங்க், அதற்குக் கீழே "குட்?" என்று ஒரே வார்த்தை. வணக்கம்கூட இல்லை. மூன்றாவது, எங்கள் தெருக்காரர். "அக்கா, இப்பவே வாங்கலாமா, இல்ல தேங்க்ஸ்கிவிங் டீல் வரைக்கும் வெயிட் பண்ணலாமா?" தேங்க்ஸ்கிவிங் நவம்பரில். இப்போது மார்ச் மாதம்.

மூவருக்கும் ஒரே பதிலைத்தான் அனுப்பினேன். எங்கே நின்று எடுக்கப் போகிறீர்கள்?

தோழியின் மகள், "மீனிங், ஆன்ட்டி?" என்று கேட்டாள். பிளசன்டன்காரர் இன்னொரு லிங்க் அனுப்பினார். தெருக்காரர் கும்பிடும் கை ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். இருபத்து நான்கு வருடம் ஒரு கேமரா கடையில் நின்று நான் கேட்ட கேள்வி இது. நான் கேட்டுப் பார்த்த நம்மவர்களில் ஒழுங்காகப் பதில் சொன்னவள் ஒரே ஒருத்தி. அவளுக்கு நான் செய்ததை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. எழுதி வைத்துவிடுகிறேன், அப்படியாவது யாராவது அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மதிக்கிறார்களா பார்க்கலாம்.

நான் விழுப்புரத்தில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். கணவர் வேலைக்காக அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்கு வந்தபோது கூடவே வந்தேன். கிரீன் கார்டு வரும்வரை எனக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. ஆறு வருடம் வீட்டில் இருந்தேன். அனுமதி வந்த அதே மாதம், நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு கேமரா கடையில் கிறிஸ்துமஸ் கூட்டத்தைச் சமாளிக்க கேஷ் கவுன்ட்டருக்கு ஆள் எடுத்தார்கள். போனேன். ஜனவரியில் அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன், அனுப்பவில்லை. இரண்டு வருடம் கழித்து, கடையின் பின்பக்கம் இருந்த செகண்ட் ஹேண்ட் கவுன்ட்டருக்கு மாற்றினார்கள். அங்கேதான் வால்டர் இருந்தார்.

வால்டர் அப்போதே அறுபதைத் தாண்டியவர். பேன்ட்டைத் தூக்கிப் பிடிக்கத் தோளில் இரண்டு பட்டிகள், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி. வாடிக்கையாளர் கையிலிருந்து அவர் எதையும் வாங்க மாட்டார். கவுன்ட்டரில் ஒரு சாம்பல் நிறக் கம்பளித் துணியை விரிப்பார். அவர்களே கேமராவை அதன் மேல் வைக்கும்வரை காத்திருப்பார். "இருப்பதிலேயே சிறந்த கேமரா எது?" என்று யாராவது கேட்டால் அவருக்குக் காது கேட்காது. உண்மையாகவே கேட்கவில்லை என்று நான் முதல் வாரம் நம்பினேன். அந்தக் கேள்வி அடங்கும்வரை துணியைத் தடவிக்கொண்டிருப்பார். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாக, எங்கே நின்று எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்பார். எதை என்று கேட்க மாட்டார், எதை என்று கேட்டால் எல்லாரும் "எல்லாவற்றையும்" என்பார்கள் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். எங்கே நிற்போம் என்று யோசிக்கும்போதுதான், எவ்வளவு தூரம், எவ்வளவு வெளிச்சம், நகர இடம் இருக்கிறதா என்பதெல்லாம் மனிதருக்கு ஞாபகம் வரும். அதற்குப் பிறகு கேமராவைத் தேர்ந்தெடுக்க ஐந்து நிமிடம் போதும்.

கவுன்ட்டருக்கு வரும் ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு மஞ்சள் அட்டை உண்டு. அதில் பதினோரு கட்டங்கள். முதல் கட்டம், மோந்து பார்ப்பது. சிரிக்காதீர்கள், பூஞ்சையும் சிகரெட்டும் மூக்குக்குத்தான் முதலில் தெரியும். பிறகு தலைகீழாகப் பிடித்து உள்ளே ஏதாவது உருள்கிறதா என்று கேட்க வேண்டும். திருகாணிகளின் தலையைப் பார்க்க வேண்டும், யாராவது கழற்றியிருந்தால் அங்கே கீறல் இருக்கும். லென்ஸின் முன்பக்க வளையத்தை விரல் நுனியால் ஒரு சுற்று தடவ வேண்டும். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கட்டம், லென்ஸைக் கழற்றி உள்ளே பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது. பத்தாவது, நூறு முறை கிளிக் செய்வது. வேகத்தை மாற்றி மாற்றி நூறு முறை, தொண்ணூற்றொன்பது இல்லை. பதினொன்றாவது, வெள்ளைத் தாளை எடுத்த படத்தில் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பது. ஒவ்வொன்றையும் முடித்து டிக் போட்டு, கீழே பெயரின் முதல் எழுத்தைப் போட வேண்டும். நான் வசந்தா, அதனால் வி. அந்த வி போட்ட பிறகு வால்டர் மறுபடி சோதிக்க மாட்டார். முதல் இரண்டு வருடம் சோதித்தார், ஒருநாள் நிறுத்திவிட்டார். பாராட்டு என்று அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான்.

நம்மவர்கள் எங்கள் கடைக்கு நிறைய வருவார்கள். எனக்குத் தமிழ் தெரியும் என்று தெரிந்த பிறகு இன்னும் நிறைய. அவர்களால் நான் தலையில் அடித்துக்கொண்டதை எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது. மொத்த பட்ஜெட்டையும் புத்தம்புது பாடிக்கு, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்கு, கொட்டிவிட்டு, லென்ஸுக்குக் காசில்லாமல், கூட வரும் சாதாரண லென்ஸோடு அரங்கேற்றத்துக்குப் போய், இருட்டில் பெண்ணின் முத்திரை எல்லாம் புகையாக வந்திருக்கிறது என்று சண்டைக்கு வருவார்கள். இரண்டு மாடல் பழைய பாடியை எடுங்கள், மிச்சத்துக்கு வெளிச்சம் குறைந்த இடத்திலும் எடுக்கும் ஒரு லென்ஸ் வாங்குங்கள் என்றால், "செகண்ட் ஹேண்டா?" என்று முகம் சுளிப்பார்கள். ட்ரைபாட் வாங்குவார்கள், அது காராஜில் துடைப்பத்துக்குத் துணையாக நிற்கும். சென்னையில் இருக்கும் மச்சினருக்கு என்று வாங்குகிறவர்கள் அங்கே வோல்டேஜ் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்பார்கள். அந்த மச்சினர் அதைப் பட்டுப்புடவைகளோடு பீரோவில் பூட்டி வைப்பார். மூன்று வருடம் கழித்து அது என் கவுன்ட்டருக்கே திரும்பி வரும், லென்ஸ் முழுக்கப் பூஞ்சையோடு, பாச்சை உருண்டை வாசனையோடு.

சுந்தர் இந்தக் கூட்டத்துக்கே தலைவர் என்று சொல்லலாம். எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருப்பவர், மருந்துக் கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் மேனேஜர். அவருடைய மனைவி சாந்தி தங்கமான பெண். என் கணவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது ஆறு வாரம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததென்றால் பால் காய்ச்சத்தான், மற்றதெல்லாம் சாந்தி அனுப்பிய சாம்பாரும் ரசமும். இதை ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்சத்தில் தெரியும்.

ஒரு செப்டம்பர் கடைசியில் சுந்தர் எங்கள் கடைக்கு வந்தார். மூன்று மாதம் ஆராய்ச்சி செய்திருந்தார். வால்டரின் கேள்வியை நான் தமிழில் கேட்டேன். "அதெல்லாம் இருக்கட்டும் அக்கா, இதுல ஃப்ரேம்ஸ் பெர் செகண்ட் ஜாஸ்தி" என்றார். நொடிக்கு எத்தனை படம் என்ற அந்தக் கணக்கு, ஓடுவதை எடுக்கத்தான் உதவும். அவர் வீட்டில் ஓடக்கூடியது என்று ஒரு பூனைகூடக் கிடையாது. வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் சரஸ்வதி பூஜைக்கு சாந்தி கூப்பிட்டாள். ஏழு படிக் கொலு, அதற்குப் பக்கத்தில் பூஜைக்கு வைத்த பொருள்கள். பெண்ணின் பாடப் புத்தகங்கள், சுந்தரின் லேப்டாப், அதற்கு மேல் அந்தக் கேமரா. பாடி தனி, லென்ஸ் தனி. லென்ஸின் மூடியில் சந்தனமும் குங்குமமும். பாடியின் நெற்றியில் மூன்று பொட்டுகள். லென்ஸைக் கழற்றிய இடம் ஆவென்று திறந்து கிடந்தது. அந்த வளையத்தின் மேல் விளிம்பிலும் சந்தனம் வைத்து, அதன் மேல் தாராளமாகக் குங்குமம். பக்கத்தில் டேபிள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"சாந்தி, அந்த ஓட்டைக்கு ஒரு மூடி குடுத்திருப்பாங்க, போட்டுடும்மா. உள்ள பொடி போச்சுன்னா கேமரா போயிடும்" என்றேன்.

"அவர்தான் அக்கா தொறந்து வச்சார். சாமி முன்னாடி மூடி வைக்கக் கூடாதாம், அதோட கண்ணு அதுதானாம்" என்று சொல்லிவிட்டு என் கையில் சுண்டல் கிண்ணத்தைக் கொடுத்தாள்.

கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். பூஜைக்கு வைத்ததை நாமே எடுத்து மூடுவது எப்படி? மறுநாள்தானே எடுப்பார்கள். சுண்டலைச் சாப்பிட்டேன், கொண்டைக்கடலை, நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் போயிருக்கும். வால்டர் விடுப்பில் இருந்த ஒரு நாள், சுந்தர் அந்தப் பெட்டியோடு நேராக என் கவுன்ட்டருக்கு வந்தார். எங்கள் கடையில் முப்பது நாளுக்குள், பயன்படுத்தாத பொருளாக இருந்தால் திருப்பி எடுப்பார்கள். பயன்படுத்தியதா இல்லையா என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

"ஜஸ்ட் பாக்ஸ் ஓப்பன் பண்ணோம் அக்கா, அவ்வளவுதான். யூஸே பண்ணலை. இதோட நெக்ஸ்ட் மாடலை அனௌன்ஸ் பண்ணிட்டாங்க, அதான் ரிட்டர்ன் பண்ணிடலாம்னு."

சாம்பல் துணியில் கேமரா உட்கார்ந்திருந்தது. மேலே ஃபிளாஷ் மாட்டும் பள்ளத்தில் காய்ந்த சந்தனம், ஒரு நகக்கண் அளவு. நான் அவரைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் அதை நான் பார்த்தது அவருக்கு ஞாபகம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பஞ்சுக் குச்சியை நனைத்து அந்தச் சந்தனத்தைத் துடைத்தேன். மோந்து பார்த்தேன், கற்பூர வாசனை. டிக் போட்டேன். ஒவ்வொரு கட்டமாக வந்து ஒன்பதாவதில் நின்றேன். லென்ஸைக் கழற்றி உள்ளே பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் எழுத வேண்டும். எழுதினால் கடை திருப்பி எடுக்காது. நாளைக்கு சாந்தியின் முகத்தில் எப்படி விழிப்பது? ஆறு வாரம் அவள் அனுப்பிய ரசம் ஞாபகத்துக்கு வந்தது. நம் ஊரில் இதற்கு முகதாட்சண்யம் என்று மரியாதையாக ஒரு பெயர் வைத்திருக்கிறோம். நான் லென்ஸைக் கழற்றவில்லை. ஒன்பதுக்கும் பத்துக்கும் பதினொன்றுக்கும் வரிசையாக டிக் போட்டு, கீழே வி போட்டேன். தரம் என்ற இடத்தில் 'புதியது போல' என்று எழுதினேன். தெரியாமல் நடந்த தவறு என்று இதை யாரும் நினைக்க வேண்டாம். பார்க்கக் கூடாது என்றுதான் பார்க்கவில்லை.

பெட்டி பிரித்த சாமான் என்பதால் விலை குறைத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்தார்கள்.

நவம்பர் கடைசியில் ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். மருத்துவமனைச் சீருடை, கழுத்தில் சின்னச் சிலுவை. கவுன்ட்டரில் என் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்கள் தமிழோ?" என்றாள். பெயர் ஸ்டெல்லா, யாழ்ப்பாணம். ஒரு மருத்துவமனையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் பிரிவில் வேலை.

"எனக்குக் கமராவைப் பற்றி ஒண்டும் தெரியாது அக்கா. கனக்கச் செலவழிக்கவும் ஏலாது. போனில எடுத்தாத் தூரத்தில நிக்கிற ஆக்கள் வடிவா வருகினம் இல்லை."

பழக்கத்தில் கேட்டேன். "எங்க நின்னு எடுக்கப் போறீங்க?"

"நெவார்க் எயார்போர்ட்டில" என்றாள் உடனே. "ஆக்கள் வெளியில வாற கதவுக்கு முன்னால ஒரு கம்பி இருக்கு, அந்தக் கம்பிக்குப் பின்னால நிப்பன். அதுக்கு அங்கால விடமாட்டினம். கம்பியில இருந்து கதவுக்கு இருபது அடி இருக்கும். போன கிழமை போய்ப் பாத்தனான். பின்னேரம் நாலு மணிக்கு, அம்மாட பிளேன் வாற அதே நேரத்துக்குத்தான் போனனான். ஜன்னல் ஒண்டும் இல்லை, மேல வெள்ளை லைட்தான்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற வால்டருக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தன் பூதக்கண்ணாடியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு அவளுக்கு ஒரு நாற்காலி கொண்டு வந்து போட்டார். அப்படி அவர் வேறு யாருக்கும் செய்து நான் பார்த்ததில்லை.

அவள் அம்மாவைப் பார்த்துப் பத்தொன்பது வருடம். அகதியாக வந்தவள் திரும்பிப் போக முடியாது. அம்மாவுக்கு விசா இரண்டு முறை மறுத்தார்கள். மூன்றாவது முறை கிடைத்திருக்கிறது. "நான் ஊரை விட்டு வெளிக்கிடேக்க எனக்கு இருபத்தொண்டு வயது. அவ என்னைக் காணுற அந்த முகம் எனக்கு வேணும் அக்கா. கதவு திறந்து, தேடி, கண்டுபிடிக்கிற அந்த ஒரு செக்கன்" என்றாள்.

இருபது அடி, வெள்ளை விளக்கு, நகர முடியாது. ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை எடுத்து வைத்தேன், பழையது, மலிவு, மங்கலான வெளிச்சத்திலும் எடுக்கும். பை வேண்டாம், ட்ரைபாட் வேண்டாம், ஃபில்டர் வேண்டாம், கூட ஒரு பேட்டரி மட்டும் வாங்கிக்கோங்க என்றேன். பாடிக்கு அவள் பட்ஜெட்டில் அலமாரியில் இரண்டுதான் இருந்தன. ஒன்று கீறல் விழுந்த பழையது. இன்னொன்று சுந்தருடையது.

"இது பழுதாகாதோ அக்கா?" என்று சுந்தருடையதைக் காட்டிக் கேட்டாள்.

"புதுசு மாதிரிதான்மா. யாரும் யூஸ் பண்ணலை" என்றேன். வால்டர் அட்டையை எடுத்து என் வி-யைப் பார்த்தார், தலையசைத்து அட்டையைத் திருப்பி வைத்தார். அம்மா வர இருந்த மூன்று வாரமும் தினம் கதவில் வருகிற ஆட்களை எடுத்துப் பழகச் சொல்லி அனுப்பினேன். நல்ல வியாபாரம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், ஒரு திங்கட்கிழமை காலை, கடை திறந்ததும் ஸ்டெல்லா வந்தாள். கேமராவைத் துணியின் மேல் வைத்தாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இது நடுவில நடுவில நிண்டுபோகுது அக்கா. நான் பழகேக்கையும் ரெண்டு தரம் நிண்டது. நிப்பாட்டித் திருப்பிப் போட்டா வேலை செய்யும். எனக்குத்தான் பாவிக்கத் தெரியேல்லை எண்டு நினைச்சன்."

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் எல்லோரும் இப்படித்தான் நினைப்பார்கள். நிபுணர் என்றால் முதல் நாளே கொண்டுவந்து கவுன்ட்டரில் வீசியிருப்பார்.

"அம்மா வந்தாங்களா?" என்றேன்.

"வந்தவ. வீல்செயாரில கொண்டுவந்தவை. நடக்க ஏலாம இல்லை, இங்கிலீஷ் தெரியாது, வழி தெரியாம நிப்பா எண்டு நாங்கள்தான் சொல்லி வச்சனாங்கள். கதவு திறந்தது. நான் பட்டனை அமத்தினன். படம் எடுபடேல்லை. நிப்பாட்டிப் போட்டன், திரும்ப அமத்தினன். பேட்டரியக் கழட்டிப் போட்டன்." கொஞ்ச நேரம் துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். "என்னைக் கண்ட உடன அம்மா வீல்செயாரால எழும்பி நடந்து வந்தவவாம். தள்ளிக்கொண்டு வந்த பெடியனும் பின்னால ஓடி வந்தவனாம். பக்கத்தில நிண்ட என்ர மனிசன் பிறகு சொன்னவர். நான் காணேல்லை அக்கா. நான் குனிஞ்சு கமராவைப் பாத்துக்கொண்டு நிண்டனான். அம்மா என்ர கையைப் பிடிச்சாப் பிறகுதான் நிமிந்தனான்."

நான் லென்ஸைக் கழற்றினேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் கழற்றியிருக்க வேண்டியது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். படம் எடுக்கும்போது திறந்து மூடும் ஷட்டரின் மெல்லிய தகடுகள் ஒன்றோடொன்று சேரும் விளிம்பில், சந்தனத்தோடு கட்டியாகி, செக்கச் செவேல் என்று பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடியே தேவைப்படவில்லை. ஸ்டெல்லாவும் எட்டிப் பார்த்தாள்.

"இது குங்குமமே அக்கா?"

"ஆமா."

"குங்குமம் எப்படி உள்ளுக்கை போனது?"

பொய் சொல்ல இடம் இருந்தது, தொழிற்சாலைப் பிழை என்றால் நம்பியிருப்பாள். ஆனால் அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "பூஜையில வச்சிருந்தாங்க. வச்சதை நானே பார்த்தேன். திருப்பிக் கொண்டுவந்தப்போ உள்ள பார்த்திருக்கணும். தெரிஞ்சவங்கன்னு பார்க்கலை. பார்த்ததா எழுதி உங்களுக்கு வித்துட்டேன்மா" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. "நான் எங்க நிப்பன் எண்டு கேட்டனீங்கள் தானே அக்கா" என்றாள்.

வால்டர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். தமிழ் அவருக்குத் தெரியாது, ஆனால் கவுன்ட்டரில் கிடந்த பாடியைப் பார்த்துவிட்டார். பழைய அட்டைகள் இருக்கும் பெட்டியிலிருந்து அந்த மஞ்சள் அட்டையைத் தேடி எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். ஒன்பதாவது கட்டத்தில் விரலை வைத்து, பார்த்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். பத்தாவதில் வைத்தார். இல்லை என்றேன். பதினொன்றில் வைக்கவில்லை. இனிமேல் டிக் போடாதே, ஒவ்வொரு கட்டத்திலும் முழு வார்த்தையாக எழுது என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் வாழ்நாளில் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் வி போட்ட ஒவ்வொரு கேமராவையும் மறுபடி சோதிக்க ஆரம்பித்தார், தான் ஓய்வு பெறும் நாள்வரை. எந்த மொழியில் எழுத வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நான் தமிழில் எழுதினேன். பார்த்தேன், பார்த்தேன், பார்த்தேன் என்று ஒரு அட்டைக்குப் பதினோரு முறை. கை வலிக்கும்.

சுந்தர் வீட்டுக்கு அன்று மாலையே போனேன். நடந்ததைச் சொன்னேன். சாந்தி வாயில் கை வைத்துக்கொண்டாள். சுந்தர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"அது வெதர் சீல்டு அக்கா, தூசு தண்ணி எதுவும் இறங்காது. குங்குமம் உள்ள போக சான்ஸே இல்லை."

"நீங்கதான் தொறந்து வச்சீங்க."

"சாமி குங்குமம், அதுல என்ன ஆகப்போகுது. மேனுஃபாக்சரிங் டிஃபெக்டா இருக்கும். நல்லவேளை நான் ரிட்டர்ன் பண்ணேன்" என்றார். பிறகு புதிதாக வாங்கியிருந்த மாடலை எடுத்து வந்து, இதற்கு எந்த லென்ஸ் சரியாக இருக்கும் என்று என்னிடமே கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அது உலகத்திலிருந்தே மறைந்துவிடும் என்று நினைக்கிற மனிதர். அதற்குப் பிறகு இன்னொருத்தி கைக்கு அது போகும் என்பது அந்த மூன்று மாத ஆராய்ச்சியில் எங்கேயும் வரவில்லை. அடுத்த வருடமும் சாந்தி கொலுவுக்குக் கூப்பிட்டாள். போனேன். சுண்டலைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்து கணவரிடம் கொடுத்துவிட்டேன்.

ஸ்டெல்லாவுக்குக் கடை அந்தக் கேமராவை மாற்றிக் கொடுத்தது. அலமாரியில் இருந்த அந்தக் கீறல் விழுந்த பழைய பாடியைத்தான் கொடுத்தோம். அதை நான் மூன்று முறை முழுதாகச் சோதித்தேன். நூறு கிளிக் இல்லை, முந்நூறு. ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு அதையே எடுத்துக் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அடுத்த ஜூனில் ஸ்டெல்லா மறுபடி வந்தாள். கையில் ஒரு உறை. அம்மாவுக்கு இங்கே தங்க விசாவில் கிடைத்த ஆறு மாதம் முடிந்து முந்தின வாரம்தான் அனுப்பி வைத்திருக்கிறாள். அதே விமான நிலையம், இந்த முறை மாடியில், பயணிகள் உள்ளே போகும் வரிசைக்கு வெளியே நின்று எடுத்திருக்கிறாள். படத்தைத் துணியின் மேல் வைத்தாள். நீலச் சேலை கட்டிய, சிறிய உருவமான அம்மா, வீல்சேரில் பாதி உடம்பைத் திருப்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் பார்க்கிறார். பார்த்த இடத்தில் மகள் இருக்கிறாள் என்று முகமே சொல்கிறது.

"வந்த முகம் எப்பிடி இருந்ததெண்டு அம்மாட்டையே கேட்டன் அக்கா. தனக்கு எப்பிடித் தெரியும் எண்டு சிரிச்சவ" என்றாள் ஸ்டெல்லா. "பிறகு சொன்னவ, பத்தொன்பது வருசத்துக்குப் பிறகு முதல் கண்டது உன்ர உச்சியைத்தான் பிள்ளை, நீ குனிஞ்சுகொண்டு நிண்டாய், வகிடு முழுக்க நரைச்சிருந்தது எண்டு."

நான் படத்தைக் கையில் எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். கண் கூர்மையாக இருந்தது, சேலைக் கரை கூர்மையாக இருந்தது, எங்கேயும் ஒரு புள்ளி இல்லை. நல்ல படம் என்றேன். வேறு எதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அவள் நன்றி சொல்லிவிட்டு, படத்தை உறையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.